நள்ளிரவுக் கச்சேரிகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். கர்நாடக சங்கீதத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருபவன். பாடத் தெரியாது, ராகம் ஓரளவு பிடிபடும். லண்டனில் கோடைதோறும் நடக்கும் புரோம்ஸ் என்ற மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கச்சேரித் தொடரைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, சென்ற கோடையில் பிபிசி ரேடியோ 3 நேரலையில் அந்தக் கச்சேரிகளைக் கைபேசி வழியாகக் கேட்கத் தொடங்கினேன். நமக்கு அது நள்ளிரவு. முதல் வாரம் பாதியில் தூங்கிப்போனேன்; ஆகஸ்டு பிறந்தபோது பன்னிரண்டு மணி எப்போது ஆகும் என்று காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

என் நண்பர் ஒருவர் இதைக் கேலி செய்கிறார். பல பகுதிகளாக நீளும் அதே சிம்பொனிகளை உலகின் தலைசிறந்த குழுக்கள் வாசித்த பதிவுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது, தூக்கம் கெட்டு வானொலியில் கேட்பானேன் என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கே சில ஐயங்கள் உண்டு. இந்த இசையின் இலக்கணம் தெரியாமல் நான் கேட்பது ரசனையா, அல்லது புதுமையின் மேல் உள்ள வெறும் மயக்கமா? சில இரவுகளில் புதிதாக எழுதப்பட்ட உருப்படிகள் வருகின்றன. அவை எனக்கு எரிச்சலைத்தான் தருகின்றன. அவற்றைத் தவிர்த்துவிடலாமா? மேலும், சிம்பொனியின் ஒரு பகுதி அற்புதமாக முடிந்த பிறகும் அரங்கில் ஒருவரும் கைதட்டாமல் இருமிக்கொண்டிருப்பது நம் ஊர்ச் சபையில் ‘பலே’ போட்டுப் பழகிய எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

நேரம் கிடைத்தால் பதில் எழுதுங்கள்.

ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அரங்கில் நடப்பது அசல், வானொலியில் வருவது அதன் நகல், நகலைத்தான் கேட்கப்போகிறோம் என்றால் இருப்பவற்றில் சிறந்த நகலைக் கேட்டுவிட்டு நேரத்தோடு தூங்கலாமே என்பது அவருடைய தர்க்கம். புரோம்ஸைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கம் முதல் படியிலேயே வழுக்குகிறது. அந்தத் தொடர் இன்று உயிரோடு இருப்பதற்கே ஒலிபரப்புதான் காரணம்; கடந்த ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதன் உருவத்தைத் தீர்மானித்திருப்பதும் ஒலிபரப்புதான்.

அது தொடங்கிய கதை சுவையானது. லண்டனில் குயின்ஸ் ஹால் என்ற அரங்கை நிர்வகித்துவந்த ராபர்ட் நியூமன், வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு வெளியேறிவிடும் கோடை மாதங்களில் அரங்கு சும்மா கிடப்பதைப் பார்த்து, சாமானியர்களுக்காக இரவுதோறும் கச்சேரி நடத்தத் திட்டமிட்டார். 1895 ஆகஸ்டு 10 அன்று முதல் கச்சேரி நடந்தது. தரைத்தளத்தில் நாற்காலிகள் இல்லை. ஒரு ஷில்லிங் கொடுத்தவர்கள் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ கேட்கலாம். தின்னலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாடகர் பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முதலில் எளிதில் பிடிபடும் உருப்படிகளைக் கொடுத்து, படிப்படியாகக் கனமானவற்றுக்கும் நவீனமானவற்றுக்கும் மக்களின் காதைப் பழக்கிவிடுவது நியூமனின் எண்ணம். இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநராக அவர் தேர்ந்தெடுத்த ஹென்றி வுட்டுக்கு அப்போது வயது 26.

கர்நாடக சங்கீத ரசிகரான உங்களுக்கு இதில் ஓர் இடம் மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தொடருக்கான முதல் பணத்தைக் கொடுத்தவர் ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். அவர் விதித்த முக்கியமான நிபந்தனை சுருதியைப் பற்றியது. அக்கால இங்கிலாந்தில் ஆர்க்கெஸ்ட்ராக்கள், அதாவது பல வாத்தியங்கள் சேர்ந்த பெரிய குழுக்கள், ‘ஏ’ ஸ்வரத்தை ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 452 அதிர்வுகளில்) வைத்து வாசித்துக்கொண்டிருந்தன. இது பாடகர்களின் குரலைக் கெடுக்கிறது, ஐரோப்பாவில் உள்ளதுபோல் சுருதியை இறக்கினால்தான் பணம் தருவேன் என்றார் மருத்துவர். சுருதி 439-க்கு இறங்கியது. புதிய சுருதிக்கேற்ற ஊதுகருவிகளை வாங்க வாசிப்பவர்களிடம் காசில்லை என்றானபோது, அந்தச் செலவையும் அவரே ஏற்றார். உலகின் மிகப் பெரிய இசை விழாக்களில் ஒன்று, ஆதார சுருதியைச் சரிசெய்த பிறகே தொடங்கியது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆனால் இவ்வளவு பெரிய குழுவை இரவுக்கு இரவு மலிவுக் கட்டணத்தில் நடத்துவது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1902-இல் நியூமன் திவாலானார். பிறகு எட்கர் ஸ்பேயர் என்ற வங்கியாளர் தொடரைத் தாங்கிப்பிடித்தார்; முதல் உலகப்போர் வந்ததும் அவருடைய ஜெர்மானிய வம்சாவளியே குற்றமாகப் பார்க்கப்பட்டு, அவர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அடுத்து வந்த சாப்பல் என்ற இசைப் பதிப்பு நிறுவனமும் 1927-இல் கையை விரித்துவிட்டது. அதன் தலைவர் வில்லியம் பூசி வானொலியின் கடும் எதிர்ப்பாளர். வீட்டில் சும்மா கேட்க முடியுமென்றால் அரங்குக்கு எவன் காசு கொடுத்து வருவான் என்பது அவருடைய வாதம். குயின்ஸ் ஹாலிலிருந்து ஒலிபரப்பவே அவர் இடம் கொடுத்ததில்லை. கடைசியில் அதே அரங்கின் அதே தொடரை, பிறந்து ஐந்தே ஆண்டுகளான பிபிசிதான் எடுத்து நடத்த வேண்டிவந்தது. இசையை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும் என்ற தன் வாழ்நாள் ஆசை வானொலியால் நிறைவேறப்போகிறது என்று ஹென்றி வுட் மனம் நிறைந்து எழுதினார். பூசி பயந்தபடி அரங்கு காலியாகவில்லை. 1941 மே 10 இரவு ஜெர்மானியக் குண்டுவீச்சில் குயின்ஸ் ஹால் எரிந்து போனது. தொடர் அந்த ஆண்டே ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்து, இன்றுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொள்ளும் அந்த வட்ட அரங்கில் நடந்துவருகிறது. தரைத்தளத்தில் இன்றும் நின்றுதான் கேட்கிறார்கள்; 2025-இல் அதற்குக் கட்டணம் 8 பவுண்டாக இருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை எட்டு வாரங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை, டிக்கெட் விற்பனையை மட்டும் நம்பிய எந்த அமைப்பும் இப்படித் திட்டமிட்டிருக்க முடியாது. பிரபலமான ஒரு பியானோ கான்சர்ட்டோவுக்கு (ஒரு வாத்தியம் முன்நிற்க, குழு துணைவரும் உருப்படிக்கு) முன்னால் யாரும் கேள்விப்படாத இருபது நிமிட உருப்படி ஒன்றை வைக்கும் துணிவு, அரங்கில் இருப்பவர்களோடு வானொலியில் கேட்பவர்களையும் கணக்கில் வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் வரும். ஒவ்வொரு கச்சேரியும் ரேடியோ 3-இல் நேரலையாக வருகிறது. ஆகவே நீங்கள் மதுரையில் உட்கார்ந்து சன்னல் வழியாக வேறொருவர் வீட்டு விசேஷத்தை எட்டிப்பார்க்கவில்லை. அழைப்பிதழில் உங்கள் பெயரும் இருக்கிறது.

உண்மையில் இந்தப் பழக்கம் உங்கள் தலைமுறைக்குப் புதிதே கிடையாது. 1952-இல் தொடங்கிய ஆல் இந்தியா ரேடியோவின் தேசிய சங்கீத நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வரும். அன்று யார் பாடுவார், என்ன பாடுவார் என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. பிடித்த வித்வான் வந்தால் உற்சாகமாகவும், வடக்கத்திய துருபத் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டும் கேட்டோம். அந்தச் சுளிப்பினூடாகவே எத்தனையோ பேருக்குத் துருபத் பழகியது. இணையத்தில் கிடக்கும் பதிவுகளை எடுத்துக் கேட்கும்போது, நமக்கு ஏற்கனவே தெரிந்ததை அல்லது தெரிந்ததற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கிறோம். ஒரு தொடருக்குக் காதை ஒப்படைக்கும்போது நம் ரசனையின் எல்லையை வேறொருவர் வரைகிறார். உங்கள் நண்பரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இது.

மறுபாதி, நேரலை என்பதைப் பற்றியது. அதற்குச் சான்றாக எல்லோரும் சொல்லும் இரண்டு இரவுகள் உண்டு. 1968 ஆகஸ்டு 21 அன்று காலை சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த செய்தி வந்தது. அன்று மாலை ஆல்பர்ட் ஹாலில் வாசிக்கவிருந்தது சோவியத் அரசு சிம்பொனி இசைக்குழு. செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச். உருப்படியோ செக் நாட்டவரான டுவோர்ஷாக்கின் செல்லோ கான்சர்ட்டோ. கூச்சலோடும் எதிர்ப்புக் குரல்களோடும்தான் கச்சேரி தொடங்கியது. ரோஸ்ட்ரோபோவிச் வாசித்து முடித்தபோது அரங்கு அவரைக் கொண்டாடியது. அவர் டுவோர்ஷாக்கின் இசைப்பிரதியைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். 1974-இல் கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’ என்ற பாடற்குழு உருப்படி நடந்துகொண்டிருந்தபோது, புழுக்கம் தாங்காமல் பாடகர் தாமஸ் ஆலன் மேடையிலேயே மயங்கி விழுந்தார். பார்வையாளர்களில் இருந்த ஓர் இளம் பாடகர், தனக்கு அந்தப் பாடம் தெரியும் என்று மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லி, மீதியைப் பாடிக்கொடுத்தார்.

இவை அரிய விபத்துகள். இவற்றுக்காகக் காத்திருந்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் நேரலையை விரும்புவது சாதாரண இரவுகளுக்காக. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். அது துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் ஹார்ன் என்னும் இரண்டு பித்தளை ஊதுகருவிகளோடு தொடங்குகிறது. ஹார்ன் வாசிப்பவர் உதட்டின் இறுக்கத்தை மயிரிழை தவறவிட்டாலும் ஸ்வரம் உடைந்துவிடும். உடைந்தால் மறைத்துக்கொள்ள அங்கே வேறெந்த ஒலியும் கிடையாது. ஸ்டூடியோப் பதிவில் அந்த இடம் எப்போதும் மாசற்று இருக்கும். பிசகியிருந்தால் இன்னொரு முறை எடுத்து ஒட்டியிருப்பார்கள். நேரலையில் அறிவிப்பாளரின் குரல் ஓய்ந்து, கைதட்டல் அடங்கி, நடத்துநர் கையைத் தூக்கிய பின்பு வரும் அந்த இரண்டு மூன்று நொடி மௌனத்தில், அந்த இரண்டு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஸ்வரம் சுத்தமாக எழும்போது நமக்கு ஏற்படும் நிம்மதியும் இசை அனுபவத்தின் ஒரு பங்குதான். மேல் ஷட்ஜத்தைத் தொடப்போகும் வித்வானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ரசனையா, மயக்கமா என்ற உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். சொனாட்டா, ஃபியூக் போன்ற மேற்கத்திய இசை வடிவங்களின் இலக்கணத்தை மேலோட்டமாகப் படித்துக்கொண்டு அதைக் கச்சேரியில் தேடிக்கொண்டிருப்பவரைவிட, ஒன்றும் படிக்காமல் இரவுதோறும் கேட்பவர் மேல் என்பது என் கட்சி. ஆனால் நம் காதுக்கு ஒரு குறிப்பிட்ட பழக்கம் உண்டு. அதை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். நாம் ஒற்றை இழையைப் பின்தொடர்ந்தே வளர்ந்தவர்கள். பாடகர் போகும் வழியில் வயலின் நிழலாக வரும். மிருதங்கம் காலத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆர்க்கெஸ்ட்ராவிலும் நம் காது தானாக மேலே கேட்கும் மெட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை வேண்டுமென்றே கீழே கேளுங்கள். செல்லோவும் டபுள் பாஸும் என்ன செய்கின்றன என்று மட்டும் ஒரு பகுதி முழுக்கக் கவனியுங்கள்.

இதற்கு பெத்தோவனின் ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியைவிட நல்ல பாடம் இல்லை. ஊதுகருவிகள் சோகமான ஒரு கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களை) எழுப்பி அதை மெல்லத் தேயவிடுகின்றன. பிறகு வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய தாழ்ந்த தந்திக் கருவிகள் மட்டும் ஒரு லயத்தைத் தொடங்குகின்றன: ஒரு நெடில், இரண்டு குறில், மீண்டும் இரண்டு நெடில். மெட்டு என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் இரண்டாம் வயலின்கள் அதே நடையை எடுத்துக்கொள்ள, வயோலாவும் செல்லோவும் விடுபட்டு, இழுத்துப் பாடும் வேறொரு மெட்டை அதன்மேல் படரவிடுகின்றன. அடுத்த சுற்றில் முதல் வயலின்களிடம் நடை. இரண்டாம் வயலின்களிடம் அந்தப் பாட்டு. நான்காம் சுற்றில் ஊதுகருவிகளும் பேரிகையும் சேர்ந்து முழுக்குழுவும் முழங்கும்போது, முதலில் அடித்தளத்தில் முணுமுணுத்த அதே ஐந்து அடிகள்தான் அரங்கையே அசைக்கின்றன. லயம் தெரிந்த காதுக்கு இதைப் புரியவைக்க எந்த இலக்கணமும் வேண்டாம். நீங்கள் ஆகஸ்டில் காத்திருக்கத் தொடங்கினீர்கள் என்றால், உங்கள் காது இப்படிப்பட்ட விஷயங்களை உங்களுக்குத் தெரியாமலே பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். வெறும் புதுமை மயக்கம் இரண்டு வாரத்தில் தெளிந்திருக்கும்.

கைதட்டலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதே சிம்பொனி 1813 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, கூட்டம் இந்த இரண்டாம் பகுதி முடிந்ததும் ஆரவாரம் செய்து, அதை அங்கேயே மறுபடி வாசிக்க வைத்தது. பகுதிகளுக்கு இடையே கல்போல் உட்கார்ந்திருப்பது பெத்தோவன் காலத்து வழக்கமே கிடையாது. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஆசாரம். புரோம்ஸில் புதியவர்கள் நிறைய வருவதால் அங்கே முதல் பகுதி முடிந்ததும் கைதட்டல் எழுவதை அவ்வப்போது கேட்கலாம். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பழைய ரசிகர்களும் அங்கே உண்டு. நான் தட்டுபவர்களின் பக்கம். ஆனால் அந்த இருமல் மௌனத்தையும் நான் முழுக்க வெறுப்பதில்லை. மெதுவான ஒரு பகுதி ஓய்ந்த பிறகு ஐயாயிரம் பேர் கைதட்டாமல் இருக்கும் ஓசையை வானொலியில் கேட்பது ஒரு தனி அனுபவம். நீங்கள் மதுரையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள்; தாராளமாக ‘பலே’ போடுங்கள்.

புதிய உருப்படிகளைத் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அவை எல்லாம் உயர்ந்தவை என்பதால் இதைச் சொல்லவில்லை. விழாவுக்கென்று எழுதப்பட்டு ஒருமுறை வாசிக்கப்பட்டு, பிறகு எவரும் சீண்டாமல் போன உருப்படிகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு அந்தக் கதி நியாயமானதே. 1912 செப்டம்பர் 3 அன்று நவீன இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் ஐந்து ஆர்க்கெஸ்ட்ரா உருப்படிகள் உலகிலேயே முதல்முறையாகப் புரோம்ஸில்தான் வாசிக்கப்பட்டன. கூட்டம் சீறியது. ஒத்திகையில் வாசிப்பவர்களே முணுமுணுத்தபோது, இன்னும் 25 ஆண்டுகளில் நீங்கள் வாசிக்க வேண்டியிருப்பவற்றோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று சொல்லி வுட் அவர்களைத் தட்டிக்கொடுத்தார். அன்று சீறியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வந்திருந்து, கடைசிவரை கேட்டுவிட்டுச் சீறினார்கள். எரிச்சலும் ஒரு நேர்மையான எதிர்வினைதான். புதிய உருப்படி பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. அதற்குப் பின் வருவது உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால், அந்த எரிச்சலுக்குப் பிறகு அது இன்னும் தெளிவாகக் கேட்கும். 2011-இல் அருணா சாய்ராம் புரோம்ஸில் பாடியபோது, அந்த அரங்கிலும் வானொலியிலும் இருந்த எத்தனையோ பேருக்குக் கர்நாடக சங்கீதம் தலைகால் புரியாத புதிய உருப்படியாகவே இருந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் சில சொல்கிறேன். அங்கே மாலை 7 அல்லது 7.30-க்குத் தொடங்கும் கச்சேரி நமக்கு இரவு 11.30 அல்லது 12. நம் ஊரில் இந்த இசைக்கு முதல் எதிரி மின்விசிறி. மாலரின் முதல் சிம்பொனி, தந்திக் கருவிகள் ஒரே ஸ்வரத்தை ஏழு ஸ்தாயிகளில் மூச்சுவிடும் அளவுக்கு மெல்லப் பிடித்துக்கொண்டிருப்பதில் தொடங்குகிறது. விசிறி ஓடினால் முதல் அரை நிமிடம் வெறும் காற்று. ரேடியோ 3-இன் இணைய ஒலிபரப்பு, மற்ற நிலையங்களைப்போல் மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் நசுக்கிச் சமமாக்குவதில்லை. அது அதன் பெருமை, நமக்கு அது சிரமம். அறிவிப்பாளரின் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதுபோல் கேட்கும் அளவில் ஒலியை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். மெல்லிய இடத்தில் கூட்டினீர்களானால் அடுத்த முழக்கத்தில் காது போய்விடும். காதுக்குள் செருகும் கருவியைவிடக் காதை மூடிக்கொள்ளும் ஹெட்ஃபோன் நல்லது. இடைவேளைப் பேச்சைத் தவறவிடாதீர்கள். இரண்டாம் பாதியில் வரப்போகும் உருப்படியைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் பேசுவார்கள். எட்டு வாரமும் விழித்திருக்க வேண்டும் என்று உங்கள் உடம்பை வதைக்க வேண்டாம். வாரத்துக்கு மூன்று இரவு போதும். ஆனால் அந்த மூன்று எவை என்பதை உருப்படிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், கிழமையைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

தொடரின் கடைசி இரவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கொடிகளை ஆட்டிக்கொண்டு எல்கரின் அணிவகுப்புப் பாட்டையும், பிரிட்டனின் கடலாட்சியைப் புகழும் பாடல்களையும் அரங்கமே சேர்ந்து பாடும் அந்த இரவுதான் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்ப்பது. புரோம்ஸ் என்றாலே அதுதான் என்று நினைப்பவர்களும் அதிகம். போன நூற்றாண்டில் அந்தக் கடலாட்சியை அனுபவித்த ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, என்னால் அதில் ஒட்ட முடிந்ததில்லை. முதல் பாதியில் பெரும்பாலும் நல்ல உருப்படிகள் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு நான் அணைத்துவிடுவேன். அதற்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் பெத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி வருவது நெடுங்கால வழக்கம். உங்கள் மூன்று இரவுகளில் அது இல்லாவிட்டாலும், அந்த ஒன்றுக்கு மட்டும் விதியை மீறிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.